பிடியரிசியும் நன்றியறிதலும்

தமிழிலக்கணம் பயில்வார்க்கு ஒரு குறை நேர்வதுண்டு. எச்சொல்லைக் கேட்பினும் அதன் பொருளை நாடுமுன் அதன் உருபை நாடும் வழக்கம் அவரைப் பற்றிக்கொள்ளும். ஆலயத்தில் அமர்ந்து அருளுரை கேட்கும்போதும் அக்குறை எம்மை விட்டபாடில்லை. 2024-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருவானவர் நன்றியறிதலைக் குறித்துப் பேசுகையில், பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தினின்று ஒரு கட்டளையை எடுத்துரைத்தார். நேரிடுவன எவையாயினும் அவற்றினிடையே ஸ்தோத்திரஞ் செலுத்துதல் வேண்டுமென்பது அதன் கருத்து. ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று அவ்விடத்தில் நான்காம் வேற்றுமை வருமென எண்ணியிருந்த எமக்கு, அங்கே நிற்பது இடப்பொருள் தரும் ஏழாம் வேற்றுமையே எனக் கண்டபோது, நெடுநாளாக நெஞ்சில் தைத்துக் கிடந்த முள்ளொன்று சற்றே அசைந்தது போலிருந்தது.

அம்முள் யாது, அஃது எங்ஙனந் தைத்தது, எங்ஙனம் பெயர்ந்தது என்பவற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். பத்தொன்பது வயதினர் நன்றியறிதலைக் குறித்து மூத்தோர்க்குக் கற்பிக்கப் புகுதல் நகைப்பிற்கிடமாகும். யாம் கற்பிக்கப் புகுந்திலேம். கற்றவாற்றைச் சொல்லவே புகுந்தோம்.

எம்மூர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டின் ஓரமாய் அமைந்த சிற்றூர். செம்மணல் மேடும், அதன்மேல் நிற்கும் பனைகளும், அவற்றிற்கு அப்பால் ஆலயக் கோபுரமுமே அதன் காட்சி. அவ்வூர்க் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் அடுப்படியின் மூலையில் மூடியிட்ட சிறு பானையொன்று இருக்கும். வீட்டு அம்மையார் உலைக்கு அரிசி அளந்தவுடன், அளந்ததினின்று ஒரு பிடி எடுத்து அப்பானையில் இடுவார். அதற்குப் பிடியரிசி என்று பெயர். சேர்ந்த அரிசியைக் குறித்த நாளில் ஆலயத்திற் கொண்டுபோய்ப் படைப்பர். அதனை விற்றுவருந் தொகை திருச்சபையின் ஊழியத்திற்குச் சேரும். நெல்லைச் சீமையில் மட்டுமன்று, வடகிழக்கே மிசோரம் நாட்டுப் பெண்மக்களும் 1910-ஆம் ஆண்டு தொடங்கி இவ்வாறு பிடியரிசி எடுத்துவருகின்றனர்.

இவ்வழக்கத்தில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பிடியரிசி மிஞ்சியதன்று. உண்டபின் எஞ்சிய சோற்றைப் பிறர்க்கீதல் எளிது. இதுவோ உண்ணுமுன்னரே, வீட்டார் வயிற்றுக்கென அளந்ததினின்று குறைத்தெடுப்பது. வீட்டார்க்கு அஃது ஒரு கவளக் குறைவு. ஆயினும் அக்குறைவை யாரும் உணர்ந்ததாக யாம் கேட்டதில்லை. இளமையில் எம் கையைப் பிடித்து அப்பானையில் அரிசி இடுவித்தவர் எம் அன்னையார். அரிசி விழும் ஓசை எமக்கு விளையாட்டாயிருந்தது. அதன் பொருளை யாம் வினவியதில்லை.

எம் தந்தையார் சரக்கு வண்டி ஓட்டுநர். தூத்துக்குடி உப்பளங்களினின்று உப்பு மூட்டைகளை ஏற்றிச் செல்வது அவர் தொழில். வீடு திரும்புங்கால் அவர் சட்டையில் உப்பு பூத்திருக்கும். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாக் கொள்ளைநோயின் இரண்டாம் அலை நாடெங்கும் பரவிய நாட்களில், அவர் நோயுற்று, மருத்துவமனையில் ஒன்பதாம் நாள் இறந்துபட்டார். அன்னையாரும் தங்கையும் யாமும் அந்நோயே உற்றிருந்தமையால் வீட்டைவிட்டு வெளிவரலாகாது என்றிருந்தது. எம் பெரியப்பா ஒருவரே சென்றார். அவரும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டார். தந்தையார் முகத்தை யாம் கண்டிலேம். ஒரு பிடி மண் இட்டிலேம். அப்பொழுது எமக்கு வயது பதினைந்து.

அவ்வாரத்தில் எம் வீட்டிற் சமைத்த அரிசி எம்முடையதன்று. யாரோ வந்து வாயிற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, எட்டிச் சென்று நின்றனர். காய்ச்சலோடு எழுந்த அன்னையார் அவ்வரிசியை அளந்தார். அளந்தவர் வழக்கம்போல ஒரு பிடி எடுத்து மூலைப் பானையில் இட்டார். எமக்குச் சினம் பொங்கிற்று.

“அம்மா, அடுத்தவங்க போட்ட அரிசியிலயுமா பிடியரிசி?” என்றோம்.

அன்னையார் எம்மைத் திரும்பி நோக்கினார். “மக்கா, நம்ம வீட்டுல வராத அரிசி என்னைக்கு இருந்துச்சு?” என்று சொல்லி, மூடியை மூடினார்.

அம்மறுமொழி அன்று எமக்கு விளங்கவில்லை. துயரத்தால் அறிவு தடுமாறிப் பேசுகிறார் என்றே எண்ணினோம்.

மறு ஆண்டில், முடக்கங்கள் தளர்ந்தபின், எம்மூரில் தோத்திரப் பண்டிகை வந்தது. பண்டிகையின் இயல்பை அறியாதார் பொருட்டு இரண்டு சொல் கூறுதும். அன்று அவரவர் நிலத்தில் விளைந்ததையும் வீட்டில் வளர்ந்ததையும் ஆலயத்திற்குக் கொண்டுவருவர். வாழைத்தாரும், தேங்காயும், கருப்பட்டியும், கால் கட்டிய சேவலும் பீடத்தருகே குவியும். ஆராதனைக்குப்பின் அவை ஏலம் போகும். கடையில் ஐந்து ரூபாய் பெறும் எலுமிச்சம்பழம் அங்கே ஐந்நூறு ரூபாய்க்கும் போகும். அப்பழத்தின் விலையை யாரும் அங்கே எண்ணார். ஏலத்திற்கு முன் உபதேசியார் தோத்திர காணிக்கைகளை வாசிப்பார். மகன் வேலை பெற்றதற்காக, மகள் சுகமாய்ப் பிரசவித்ததற்காக, கிணற்றில் நீர் ஊறியதற்காக என்று ஒவ்வொரு குடும்பத்தின் பெயரோடும் ஒரு காரணம் வரும்.

அன்று எம் குடும்பத்தின் பெயரும் வந்தது. கடந்த ஓராண்டு தம்மையும் பிள்ளைகளையும் நடத்திவந்த கிருபைக்காக எம் அன்னையார் ரூபாய் 300 படைத்திருந்தார். உபதேசியார் அதனை வாசித்தபொழுது எமக்குச் செவிகள் அடைத்தன. எந்த ஓராண்டு? தந்தையை மண்ணிலிட்ட ஓராண்டு. வண்டி விலைபோன ஓராண்டு. அன்னையார் தீப்பெட்டிச் சாலைக்கு வேலைக்குப் போன ஓராண்டு. அதற்கோ தோத்திரம்? எழுந்து வெளியே வந்தோம். ஆலயத்தின் பின்புறமுள்ள பூவரச மரத்தடியில் அமர்ந்திருந்தோம். அசனத்திற்கு மணியடித்தது. ஊர் முழுதும் பந்தியில் அமர்ந்தது. யாம் உண்டிலேம். அடுத்த ஆண்டும் உண்டிலேம். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே.

அன்று தைத்தது அம்முள். அது நெஞ்சில் மட்டும் நின்றிருப்பின் நன்று. உடலெங்கும் அது பரவிற்று என்பதே உண்மை. எமக்கு நேராதவற்றையும் மறுக்கப்பட்டவற்றையும் இரவுதோறும் எண்ணிக் கணக்கிடும் வழக்கம் வந்தது. தந்தையோடு வரும் தோழரைக் கண்டால் ஒரு வரி. அவர்க்கு வாங்கிய புதுச் சட்டையைக் கண்டால் மற்றொரு வரி. அக்கணக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. உறக்கம் பின்னிரவுவரை வாராது. உண்டது எரியும். கல்லூரி விடுதிக்கு வந்தபின் மருத்துவரை நாடினோம். உடலிற் குறையொன்றுமில்லை என்று சொல்லி, மனத்தில் யாது கவலை என்று வினவினார். ஒன்றுமில்லை என்றோம். விடுதியில் உணவுக்குமுன் எல்லாரும் எழுந்துநின்று ஸ்தோத்திரஞ் சொல்லுங்கால் எம் உதடுகள் அசையும், உள்ளம் அசையாது.

நிற்க. குருவானவர் வாயிலாக அவ்வுருபைக் கேட்ட அதே பருவத்தில் எம் வகுப்பில் திருக்குறளின் பதினோராம் அதிகாரம் பாடமாயிற்று. அதன் தலைப்பு செய்ந்நன்றியறிதல். எம் ஆசிரியர் பாடத்தின் தொடக்கத்தில் ஒன்று கூறினார். இக்காலத்தார் நன்றி என்னுஞ் சொல்லை வாயாற் சொல்லும் உபசாரமொழியாகக் கொண்டனர். பழந்தமிழில் நன்றி என்பது நன்மை. பிறர் செய்த உதவியே நன்றி. அதனைப் பெற்றவர் செய்யவேண்டுவது அதனை ‘அறிதல்’. ஆதலின் நன்றியறிதல் என்பது முதலில் ஓர் உணர்ச்சியன்று, ஓர் அறிவு என்றார்.

வகுப்பு முடிந்தபின்னும் யாம் எழுந்திலேம். நன்றியறிதல் ஓர் உணர்ச்சியாயின், வாராத உணர்ச்சியை வருவி என எம்மை யாரும் கட்டளையிடுதல் இயலாது. அத்தனை ஆண்டுகளும் யாம் கொண்டிருந்த வாதம் அதுவே. அஃது அறிவாயின், எமக்கு ஒரு விடை கடமையாகின்றது. 2021-ஆம் ஆண்டில் எமக்கு மறுக்கப்பட்டவை யாவை என எம்மைக் கேட்பின் நூறு சொல்லுவோம். எமக்குச் செய்யப்பட்டவை யாவை எனக் கேட்பின்? வாயிற்படியில் இருந்த அரிசி யாருடையது என்பதுகூட எமக்குத் தெரியாது. நன்றிகெட்டவர் என்பது பொருந்துமோ அறியேம்; நன்றி அறியாதவர் என்பது சொல்லுக்குச் சொல் பொருந்திற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது, அன்னையார் இரவுச் சமையலுக்கு அரிசி அளந்துகொண்டிருக்கையில், அவ்வரிசி கொண்டுவந்தவர் யாவரென வினவினோம். அன்னையார் வியந்து நோக்கிப் பின் சொல்லத் தொடங்கினார். முதல் நாள் அரிசி எதிர்வீட்டுப் பாட்டியுடையது. அவர்க்கு வருவாய் அரசு தரும் முதியோர் உதவித்தொகையேயன்றிப் பிறிதில்லை. பால் கொண்டுவந்தவர், எங்களோடு பல ஆண்டாகப் பேச்சற்றிருந்த பங்காளி வீட்டார். தந்தையாரின் தொழிலாளித் தோழர்கள் தமக்கே வேலையற்றிருந்த காலத்தில் பணந் திரட்டி வண்டியின் இரண்டு மாதத் தவணையைக் கட்டினர். எமக்கு இணையவழி வகுப்பு நின்றுபோகாதபடி கைப்பேசிக்குக் கட்டணஞ் செலுத்தியவர் எம் பள்ளி ஆசிரியை. அவர் அதனைச் சொல்லவேண்டாமென அன்னையாரிடம் வாக்குப் பெற்றிருந்தார்.

“அப்பாவ அடக்கம் பண்ணுனது யாரும்மா?” என்றோம். நெடுநாளாகக் கேட்க அஞ்சிய கேள்வி அது.

பக்கத்து ஊர் இஸ்லாமிய இளைஞர் நால்வர் என்றார் அன்னையார். குழி வெட்டுவோர் அஞ்சி வாராமையால் அவர்களே வெட்டினர். குருவானவரும் நோயுற்றிருந்தமையால் பெரியப்பாவே சுவருக்கு வெளியே நின்று உரக்க ஜெபித்தார். ஜெபம் முடியுமளவும் அவர்கள் கைகட்டி நின்றனர். அவர்களுள் ஒருவர் அவ்வூர்க் கடைத்தெருவில் இருசக்கர வண்டி பழுதுபார்க்குங் கடை வைத்திருக்கிறார்.

சொல்லி முடித்த அன்னையார் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்தப் பிள்ளைங்ககிட்ட நான் இன்னும் போய் ஒரு வார்த்த சொல்லல மக்கா. மூணு வருசமாச்சு. அந்தக் கடையத் தாண்டித்தான் சந்தைக்குப் போறேன், நிக்க முடியல. நீ போறியா?” என்றார்.

ஆண்டுதோறும் காணிக்கை படைத்தவராகிய எம் அன்னையார்க்கும் செலுத்த வலியற்ற நன்றியொன்று இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். தோத்திரஞ் செய்வோர் துயரற்றோர் என்று யாம் எண்ணியிருந்தது பிழை.

மறுநாள் சென்றோம். கடையில் ஒருவர் வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாம் ஊரையும் நாளையும் தந்தையார் பெயரையும் சொன்னோம். அவர்க்கு உடனே நினைவு வரவில்லை. அம்மாதத்தில் தாம் அடக்கஞ் செய்தோர் பலர் என்றார். பின்னர்த் திடீரென நிமிர்ந்து, “அந்தத் தேரி மண்ணா? வெட்ட வெட்டச் சரிஞ்சிக்கிட்டே இருந்துச்சே, அதுவா? வெளிய நின்னு ஒரு பெரியவர் ஜெபம் பண்ணுனாரு” என்றார்.

ஆம் என்றோம். மணல் சரிந்துகொண்டே இருந்தமையால் பனைமட்டைகளை வெட்டிவந்து பக்கங்களில் நிறுத்தியே குழியை முடித்ததாகவும், கயிற்றைக் கட்டி மெல்ல இறக்கியதாகவும் அவர் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, யாம் நிற்காத இடத்தில் நின்றோம், காணாததைக் கண்டோம். எம் தந்தையார் வீசியெறியப்பட்டார் என்றே அத்தனை இரவுகளிலும் எம் மனம் எமக்குக் காட்டியிருந்தது. அவர் மெல்ல இறக்கப்பட்டார்.

நன்றி அண்ணா என்றோம். அச்சொல் மிகச் சிறியதாயிருந்தது. வேறு சொல் எம்மிடம் இல்லை. அவர் எண்ணெய் படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். “இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல தம்பி. புகழ் இறைவனுக்கு. உக்காருங்க, டீ சொல்றேன்” என்றார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

அன்றிரவு உறங்கினோம். ஒரே நாளில் எல்லாம் மாறிற்று என்று சொல்லின் அது பொய்யாகும். ஆயினும் இரவுக் கணக்கில் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டென்பதை மனம் கண்டுகொண்டது.

விடுதிக்குத் திரும்பி இதனை உளவியல் பயிலும் தோழரொருவர்க்குச் சொன்னோம். இஃது ஆய்வாளர் அறிந்ததொன்றே என்று அவர் இரண்டு செய்திகள் கூறினார். அமெரிக்க அறிஞராகிய எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களை மூன்று குழுவாக்கி, வாரந்தோறும் ஒரு குழுவினர் தாம் பெற்ற நன்மைகளையும், மற்றொரு குழுவினர் தமக்கு நேர்ந்த தொல்லைகளையும், மூன்றாங் குழுவினர் பொதுவான நிகழ்ச்சிகளையும் ஐந்துவரை எழுதும்படி செய்தனர். நன்மைகளை எழுதியோர் தம் வாழ்வைக் குறித்து மிக நிறைவு கொண்டிருந்தனர். தொல்லைகளை எழுதியோரினும் உடல் உபாதைகளும் அவர்க்குக் குறைவாயின. நரம்பு தசை நோயுற்றோரிடத்து 21 நாட்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், நன்மைகளை எழுதியோர்க்கு உறக்கமும் மிகுந்தது. யாம் மூன்றாண்டு எழுதியது இரண்டாங் குழுவின் ஏடே என்று தோழர் நகைத்தார், யாமும் நகைத்தோம்.

மற்றொன்று, செலிக்மன் என்பாரும் உடனாய்வாளரும் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமக்கு உதவிசெய்தும் தம்மால் நன்றி சொல்லப்பெறாத ஒருவர்க்குக் கடிதமெழுதி, அதனை நேரிற் சென்று கொடுக்கும்படி மாந்தரை ஏவினர். சென்றுவந்தோர்க்கு மகிழ்ச்சி மிகுந்தது, சோர்வு குறைந்தது. ஆனால் அப்பயன் ஏறக்குறைய ஒரு மாதமே நின்றது. மூன்றாம் மாதத்தில் அஃது இல்லை. பின்வந்த தொகுப்பாய்வுகளும் இத்தகைய பயிற்சிகளின் பயன் பெரிதன்று, சிறிதே என்கின்றன.

இது கேட்டுத் தோழர் எம் முகம் வாடுமென எதிர்பார்த்தார். யாம் வாடவில்லை, எமக்கு மூலைப் பானை நினைவுக்கு வந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பெற்ற மன்னா மறுநாளுக்கென வைத்தபோது புழுத்துப்போயிற்று என யாத்திராகமம் கூறும். நன்றியறிதலும் அத்தகையதே. ஒருமுறை அறிந்து வைத்துக்கொள்ளும் பொருளன்று அது. அதனாலன்றோ எம் பாட்டிமார் அதனை ஆண்டுக்கொரு விழாவாக மட்டும் வைக்காமல், உலை வைக்குந்தோறும் ஒரு பிடி என அடுப்படியில் வைத்தனர்! ஒரு மாதத்தில் மறையும் பயன் ஒவ்வொரு வேளையும் புதுப்பிக்கப்படின் எங்ஙனம் மறையும்? ஆய்வாளர் அளந்து கண்டதை எம் அன்னையர் அரிசி அளந்து கண்டிருந்தனர்.

ஈண்டு இரண்டு பிழைகளை விலக்குதல் வேண்டும். முதலாவது, உடல்நலமும் உறக்கமும் வேண்டி நன்றி செலுத்தலாம் என்னும் எண்ணம். அது நன்றியன்று, வாணிகம். லூக்கா சுவிசேஷத்தின் பதினேழாம் அதிகாரத்தில் குஷ்டரோகிகள் பதின்மர் ஆண்டவரிடம் சுகம் பெற்றனர். திரும்பிவந்து அவர் பாதத்தில் விழுந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். வாராத ஒன்பதின்மர்க்கும் நோய் திரும்பிற்று என்று சுவிசேஷகர் எழுதவில்லை. அவர்கள் உடல் சுகமாகவே இருந்தது. ஆயினும் தன் விசுவாசத்தினாலே மீட்புற்றான் என்னும் சொல்லைப் பெற்றவன் அவ்வொருவனே. பதின்மர் நோய் நீங்கினர். ஒருவனே நோய் நீக்கியவரின் முகத்தைக் கண்டான். உடல்நலம் நன்றியறிதலின் வழியில் வந்து சேரும் துணையாகலாம், அதன் ஊராகாது.

இரண்டாவது, துயருற்றோரை நோக்கி அழாதே, தோத்திரஞ் செய் என்று வாயடைத்தல். எமக்கும் அந்நாட்களில் அவ்வாறு சொன்னோர் உளர். அவர்கள் நல்லெண்ணத்தாற் சொன்னதே எம் முள்ளை ஆழமாக்கிற்று. துதிக்கும் சங்கீதங்களோடு புலம்பும் சங்கீதங்களும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருத்தலை அவர்கள் மறந்தனர். எம் அன்னையார் காலையில் பிடியரிசி இட்டவர்; இரவில் தலையணையில் முகம் புதைத்து அழுதவரும் அவரே. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

இவ்விரண்டும் ஒருங்கே நிற்றலை வரலாற்றிலும் காணலாம். மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டு எயிலன்பர்க் நகரத்துக் குருவானவர். 1618 முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரின் காலம் முழுதும் அவர் அந்நகரில் ஊழியஞ் செய்தார். மதில் சூழ்ந்த அந்நகரில் அகதிகள் நெருங்கினர். பஞ்சமும் கொள்ளைநோயும் உடன்வந்தன. 1637-ஆம் ஆண்டில் உடன் ஊழியர் சிலர் இறந்தும் அகன்றும் போக, அவர் அடக்கஞ்செய்தோர் தொகை 4,000-க்கும் மேற்பட்டது. அவர் மனைவியாரும் அவ்வாண்டில் இறந்தனர். உலகெங்குமுள்ள புராட்டஸ்டன்டு சபைகள் இன்றும் பாடும் புகழ்பெற்ற தோத்திரப் பாடல் அப்போர்க்காலத்தில் அவரெழுதியதே. அது முதலில் ஒரு வீட்டார் உணவுவேளையிற் சொல்லுதற்கான சிறு மன்றாட்டாக அமைந்ததென்பர். கல்லறைக்கும் உணவுமேசைக்கும் இடையே நாள்தோறும் நடந்த மனிதர் ஒருவரின் நன்றி அது. அதனைத் துயரறியாதார் பாட்டு என யாரும் தள்ளவியலாது.

மீண்டும் வேற்றுமைக்கு வருவோம். தந்தையார் இறந்ததற்காக நன்றி சொல் என்று யாரேனும் எம்மைப் பணிப்பின் யாம் அது செய்யேம். எம் அன்னையாரும் செய்ததில்லை. அவர் படைத்தது நான்காம் வேற்றுமையில் அன்று, ஏழாம் வேற்றுமையில். இறப்பிற்காக அன்று, இறப்பு நிகழ்ந்த அவ்வாண்டில், அதனுள்ளும் வந்துகொண்டிருந்த அரிசிக்காக. ஆண்டவரும் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரஞ் செய்தாரென்று படிக்கின்றோம். காட்டிக்கொடுத்தலுக்காக அவர் ஸ்தோத்திரஞ் செய்தாரல்லர், அவ்விரவிற் செய்தார். அவர் கையில் அப்பம் இருந்தது.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் அதே அப்போஸ்தலர் நான்காம் வேற்றுமையையும் ஆண்டிருக்கின்றாரே என்று நுண்ணிய வாசகர் எம்மை மறிப்பர். உண்மை, அதனை மறைத்தல் தகாது. ஏழாம் வேற்றுமையில் நெடுங்காலம் நின்று பழகினோர் ஒருநாள் நான்காவதற்கும் ஏறக்கூடும் போலும். அவ்விடத்தை யாம் அடைந்திலேம். அடையாததை அடைந்தேம் என்று எழுதுதல் கடவுளுக்குச் செய்யும் மரியாதையன்று.

2025-ஆம் ஆண்டுத் தோத்திரப் பண்டிகைக்கு யாமும் ஒரு காணிக்கை கொண்டுசென்றோம். சிறுவர்க்கு மாலையிற் பாடஞ் சொல்லி ஈட்டிய தொகை ரூபாய் 200. உறையின்மேல் காரணம் எழுதவேண்டும். எழுதுகோலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். பின், ‘2021-ஆம் ஆண்டில் பெற்ற நன்மைகளை அறிந்துகொண்டதற்காக’ என்று எழுதினோம். உபதேசியார் அதனை வாசித்தபொழுது சற்றே நிறுத்தி, மறுமுறையும் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த அன்னையார் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பாட்டி அவர் தோளில் கைவைத்தார்.

அசனத்திற்கு மணியடித்தது. பந்தியில் அமர்ந்தோம். இலையில் விழுந்த சோற்றைச் சிறிதுநேரம் நோக்கிக்கொண்டிருந்தோம். அதுவும் வந்த அரிசியே. உண்டோம்.